எரியாத துணி

ஒருவர்மீது புகார் வந்தால் முதலில் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அவருடைய பொருளை எடுத்துச் சென்றால் அங்கேயே ரசீது தர வேண்டும். பணியிலிருந்த காலமெல்லாம் இந்த விதியைக் கோப்புகளில் எழுதியவன் நான். என் மாடிக்கு வந்த இரண்டு அலுவலர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பின் ஆரணியில், மாடிக் கொட்டகையில், ஒருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிவருகிறேன். என்ஜினுக்கு மூடி போட்டால் சிலிண்டர்கள் கொதித்துவிடும். மூடியின் முகப்பிலிருந்து காற்றை அவற்றின்மேல் கொண்டுசேர்க்க, இரு பக்கமும் ஃபைபர் கிளாஸ் குழாய் வேண்டும். தெர்மகோலை வளைவாகச் செதுக்கி, டேப் சுற்றி, மெழுகு தடவி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை ரெசின் பசையில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டினேன். இறுகியதும் தெர்மகோலைச் சுரண்டி எடுத்தேன். வலது குழாய் நன்றாக வந்தது. இடது குழாய்க்கான ரெசின் டின்னில் இருந்தது. அதன் ஆயுள் இன்னும் ஐந்து மாதம்; பிறகு டின்னிலேயே இறுகிவிடும்.

அந்தத் துணி வெள்ளை வெளேரென்று மின்னும். கத்தரித்த துண்டு ஒன்று காற்றில் பறந்து எதிர்வீட்டுத் தறிக்காரர் வாசலில் விழுந்தது. பட்டு நெய்கிறவர் செய்வதையே அவரும் செய்தார்: ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பிறகு படியேறி வந்தார்.

"பட்டுன்னா முடி கருகுன நாத்தம் வரும் சார். பாலிஸ்டர்னா உருகி உருண்டையாயிடும். இது எரியவே மாட்டேங்குது. மேல இன்னாத்த நெய்துகினு கீறீங்க?"

விமானம் என்றேன். எட்டிப் பார்த்தார். இறக்கை இன்னும் பொருத்தவில்லை.

"அது சரி. தறி எங்க வெச்சிகீறீங்க?"

அடுத்த வாரம் கைத்தறித் துறை அலுவலர்கள் வந்தார்கள். நான் போலிப் பட்டு நெய்வதாக மனுவாம். அவர்களும் தீக்குச்சி கிழித்தார்கள். எரியாததால் சந்தேகம் வலுத்து, மாதிரிக்கு ஒரு முழம் போதும் என்று நான் சொல்லச் சொல்ல, துணிச் சுருளையே பரிசோதனைக்குத் தூக்கிச் சென்றார்கள். மனு கொடுத்தவர் யாரென்று மட்டும் சொல்லக் கூடாதாம். அந்த விதி அவர்களுக்கு நினைவிருந்தது.

தறிக்காரரிடமே கேட்டேன்.

"சந்தேகம் கீது சார், இல்லன்னு சொல்லல. அத உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேனே. அப்புறம் மனு எதுக்கு?"

நியாயமான பதில். அதனாலேயே நான் நம்பவில்லை.

வேறு துணி வாங்கியிருக்கலாம், அதையும் எடுத்துப்போனால்? எழுத்தில் பதில் வரட்டும் என்று மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். வாரம் ஒருமுறை ரெசின் டின்னைச் சாய்த்துப் பார்ப்பேன். முதலில் தேன்போல் ஓடியது, பிறகு பாகுபோல். ஒரு காலையில் கவிழ்த்தும் அல்வாபோல் அசையாமல் நின்றது.

அதற்கும் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: துணி பட்டுமல்ல, போலிப் பட்டுமல்ல, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். தபால்காரரிடம் நான் கையெழுத்துப் போட்டு அதை வாங்குவதைத் தறிக்காரர் எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஆடி பதினெட்டு, எதைத் தொடங்கினாலும் பெருகும் என்கிற நாள்.