நாலரை இலட்சம் ஓடிய வான்

இன்று காலை செட்டிகுளத்துக்கு ஒரு பழைய வான் பார்க்கப் போனேன். நான் பொரிக்கும் மிக்சரை வவுனியாக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட மோட்டார் சைக்கிள் இனிப் போதாது.

மீற்றரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். நாலரை இலட்சம் கிலோமீற்றர்.

"என்னண்ணை, இவ்வளவு ஓடியிருக்கு?"

சொந்தக்காரர் யோகன் அண்ணை மறைக்கவில்லை. "எங்கட ஊரில கிட்னி வருத்தக்காரர் கனபேர் தம்பி. கிழமையில மூண்டு நாள் அவையை ஏத்திக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினனான்."

"பிறகேன் விக்கிறியள்?"

"இப்ப எனக்கும் அதுதான்." வீங்கியிருந்த காலைக் காட்டினார். "ஓடேலாது."

"அப்ப மற்றவை?"

"பஸ்ஸிலதான். ரெண்டு பேர் போறதையே விட்டிட்டினம். அதில ஒராள் போன மாதம் செத்துப்போனார்."

ஓட்டிப் பார்க்க அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சந்தியில் கிளினிக் கொப்பியோடு நின்ற ஒரு அம்மா, வானைக் கண்டதும் சிரித்தபடி கைகாட்டி மறித்தார்.

"யோகன் தம்பி, திரும்ப ஓடுறியளோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லையம்மா. இவருக்கு விக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றார்.

எஞ்சினில் குறையில்லை. விலை பேசி எடுத்துவிட்டேன். மிக்சர் பெட்டிகள் அடுக்க இடம் வேண்டும், பின் இருக்கைகளைக் கழற்ற வேண்டும். ஸ்பானரோடு வானுக்குள் ஏறி, ஒன்றையும் கழற்றாமல் அந்த இருக்கையில் சும்மா இருந்துவிட்டு இறங்கினேன்.

நான் ஒரு முழு நாள் அடுப்படியை விட்டு நிற்க முடியாதவன். கிழமையில் ஒரு நாளாவது இந்த வானைச் செட்டிகுளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடித்தர நம்பிக்கையான ஆள் இருந்தால் கீழே எழுதுங்கோ. மிக்சர் ஒரு நாள் பிந்தினால் பழுதாகாது.