மூன்றாவது டேங்கின் எடை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைக்க எனக்குப் பொறுமை இல்லை. இது நடந்தது என் அக்காவுக்கு. கூடப் பிறந்த அக்காவுக்கு. அவள் பொய்யே பேசாதவள் என்று சத்தியம் செய்யமாட்டேன். சின்ன வயதில் அவள் உடைத்ததற்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் இதைச் சொன்ன அன்று அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. கதை கட்டுகிறவர்களுக்கு அப்படிக் கோபம் வராது.

இருட்டு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம்.

அக்காவுக்கு வேலை ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில். கீழே வரிசையாக மூன்று டேங்க். ஒவ்வொன்றிலும் ஆள் இறங்கினால் தலை வெளியே தெரியாது. உள்ளே பெயிண்டைக் கலக்கும் இரும்பு பிளேடு. ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு கன்ட்ரோலர், அதாவது மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் எடையைப் பார்க்கவும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மாடியில் கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்தபடியே ஸ்கிரீனைப் பார்த்து மூன்று டேங்கையும் ஓட்டலாம். இரண்டுக்கும் நடுவே கேபிள்.

அந்தத் தொடர்புதான் அறுந்து அறுந்து வந்தது. மூன்றாவது டேங்குக்கு மட்டும். ஸ்கிரீனில் அதன் படம் திடீரென்று சாம்பல் நிறமாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்றுபோகும் பல்வலி மாதிரி, அக்கா போய் நின்றால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரேயடியாக அறுந்து தொலைந்தால் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு மனுஷியைப் பைத்தியமாக்கிவிடும்.

இதற்காகவே அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். தொடர்பு அறுந்தால் பிளேடு நிற்கும். தொடர்பு திரும்பினாலும் மாடியிலிருந்து ஓட்ட முடியாது. ஒரு ஆள் டேங்குக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் பச்சை பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும்.

மேலாளருக்கு இது கண்ணில் விழுந்த தூசி. எந்நேரமும் விரலில் சாவிகளைச் சுழற்றிக்கொண்டே பேசுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் சாவிக்கொத்து.

"என்னம்மா, உன் புரோகிராமைச் சரி பண்றியா இல்லையா? ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் படி இறங்கி ஓடணுமா?"

"புரோகிராம்ல ஒண்ணுமில்ல சார். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அறுந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். ஷிப்ட் முடியறதுக்குள்ள சரியாகணும். இல்லேன்னா பைபாஸ்."

பைபாஸ் என்றால் அவருடைய மேஜையில் இருந்த ஒரு சாவித் துளை. சாவியைப் போட்டுத் திருப்பினால் அக்காவின் ஏற்பாடு செத்துவிடும். யாரும் எட்டிப் பார்க்கவேண்டாம், யாரும் பட்டன் அமுக்கவேண்டாம். தொடர்பு வந்த நொடியில் மாடியிலிருந்தே ஓட்டலாம். உள்ளே ஆள் இருந்தால்? "காலி டேங்க்ல எவன் போய் உக்காரப் போறான்?" என்று சிரித்தாராம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி இருந்த பேனல் அறைக்குப் போனாள். டேங்குகளுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கேபிளை ஏற்கனவே மாற்றியாகிவிட்டது. முனைகளைப் புதிதாகப் போட்டாகிவிட்டது. மோட்டார் கேபிளிலிருந்து தள்ளிக் கட்டியாகிவிட்டது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் போடுகிறவரோடு சண்டை போட்டு, அவர் மெஷினையும் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒரே சந்தேகம். இந்த லைனில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருந்தால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருக்கிற தெரு மாதிரிதான். தபால் ஒரு நாள் இங்கே போகும், ஒரு நாள் அங்கே போகும்.

அதைச் சோதிப்பது எளிது. மூன்றாவது டேங்கின் கேபிளைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அதே பெட்டியில் மாட்டி, அந்த முகவரிக்கு, இருக்கிறாயா என்று கேட்டாள். பதில் வரக்கூடாது.

வந்தது.

"மாட்டினியா!" என்று சத்தமாகவே சொன்னாளாம். இத்தனை நாள் தன்னைத் திட்டு வாங்கவைத்தது வேறு ஏதோ ஒரு கருவி. எது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். முதல் டேங்கின் கேபிளைப் பிடுங்கினாள். பதில் வந்தது. இரண்டாவதைப் பிடுங்கினாள். பதில் வந்தது. மாடிக்குப் போகும் கேபிளையும் பிடுங்கினாள்.

பதில் வந்தது.

இப்போது அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தது அவளுடைய லேப்டாப் மட்டும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்தாள்.  

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தேய்க்கிற சத்தம். சரக்… சரக்… தரையைக் கூட்டுகிறார்கள் போல.

லேப்டாப் கேபிளையும் பிடுங்கினாள். கேபிள் அவள் கையில் இருந்தது.

பதில் வந்தது.

பதிலோடு மூன்றாவது டேங்கின் எடையும் வந்தது. காலையிலேயே காலி செய்த டேங்க். பூஜ்யம் காட்டவேண்டும்.

நூற்று முப்பத்தொன்று கிலோ.

சும்மா நிற்கவில்லை. நூற்று முப்பது… முப்பத்திரண்டு… முப்பத்தொன்று… உள்ளே ஏதோ அசைந்தது.

சரக்… சரக்… சரக்… கூட்டுகிற சத்தம் இல்லை. இரும்பில் பிரஷ் தேய்க்கிற சத்தம். ஒரு பிரஷ் இல்லை. மாறி மாறி இரண்டு.

போன் அலறியது. சாவிக்கொத்து.

"எதைப் புடுங்கித் தொலைச்சே? மூணும் போச்சு! மரியாதையா மாட்டு!"

அவள் கை தன்னாலேயே எல்லாக் கேபிளையும் மாட்டியது. ஏன் மாட்டினேன், ஏன் மாட்டினேன் என்று இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

"ம்… வந்துடுச்சு. பைபாஸ் போட்டாச்சு. மூணை ஓட்டறேன்."

"சார், வேணாம்! உள்ள எடை காட்டுது!"

"காலையிலேயே பாத்துட்டேன், ஜீரோதான்."

"சார்!"

டக். போனிலேயே கேட்டது, அவர் அமுக்கிய சத்தம்.

"ச்சே. சாம்பல்."

அக்கா போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள்.

"வந்துடுச்சு." டக். "மறுபடியும் சாம்பல்!"

கதவு. ஏணி.

டக்.

"சனியனே, வா…"

டக். டக். டக்.

மோட்டார் ஓடவில்லை.

எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஆள்.

டேங்க் கழுவும் தொழிலாளி. பிளேடுக்கு அடியில் குந்திக்கொண்டு, கையில் ஒரே ஒரு பிரஷ்ஷோடு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேடம், நீங்க இங்க?"

"ஏறுங்க! முதல்ல மேல ஏறுங்க!"

அவரை மேலே இழுத்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. சட்டைக் காலர் கிழிந்ததாம். தரையில் கால் வைத்ததும்தான் கத்தினாள்.

"யாரு உங்களை இறங்கச் சொன்னது? கரண்டைக் கட் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுதானே இறங்கணும்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பாட்டு நேரத்துல ஸ்கிரீன் சாம்பல் ஆனதைப் பாத்தேனே மேடம். சாம்பல் ஆனா நாம பச்சை பட்டன் அமுக்கற வரைக்கும் சுத்தாதே. நீங்கதானே அப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க? பூட்டுக்குக் கையெழுத்து வாங்கவே அரை மணி நேரம் ஆவுது. நாங்க எல்லாம் சாம்பலாகறப்பதான் இறங்குவோம்."

 அக்கா ராப்பகலாகத் துரத்திய கோளாறைத்தான் இவர்கள் பூட்டாக வைத்துக்கொண்டு டேங்குக்குள் இறங்கியிருக்கிறார்கள். அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளும் ஒருவரையும் கேட்கவில்லை. மாடியில் ஒருவர் சாவியைத் திருப்பியது கீழே யாருக்கும் தெரியாது.

கண்ணாடி அறைக்குப் போய்ச் சாவியைப் பிடுங்கினாள். சாவிக்கொத்து எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா ஆடறே? ஒண்ணும் ஆகலையே!"

"ஆறு தடவை அமுக்கினீங்க சார். ஆறு தடவை!"

அதற்கப்புறம் அவள் பேசியதை நான் எழுதினால் அம்மா படிப்பாள். அந்தச் சாவித் துளையை அன்றைக்கே கழற்ற வைத்தாள். பூட்டு இல்லாமல் இனி யாரும் இறங்கக்கூடாது என்று தொண்டை கட்டக் கட்டக் கத்தினாள். நடந்ததைத் தொழிலாளியிடம் சொன்னாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தபோதுதான் அக்காவுக்கு அந்த எண் ஞாபகம் வந்தது.

"உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்திரண்டு மேடம். ஏன், தொப்பை போட்டுடுச்சா?"

பிரஷ், பூட்ஸ், வாளி எல்லாம் சேர்த்தாலும் நூற்று முப்பத்தொன்று வராது. இன்னொரு ஆள் இருந்தால்தான் வரும்.

"கூட யாராவது இறங்கினாங்களா?"

"நான் மட்டும்தான். ஆனா இன்னிக்கு என்னமோ சீக்கிரமா முடிஞ்சிடுச்சு மேடம். நான் தேய்க்கப் போற எடமெல்லாம் முன்னாடியே சுத்தமா இருந்துச்சு."

மறுநாள் அக்கா எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள். தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். முதலில் மழுப்பினார். அக்கா நகர்வதாக இல்லை.

"நீங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மேடம். ஒல்லியான ஆளு. மூணாவது டேங்க்ல இறங்கிக் கழுவிக்கிட்டு இருந்தான். மேலேருந்து ஓட்டிட்டாங்க. குடிச்சிட்டுத் தவறி விழுந்துட்டான்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லி முடிச்சிட்டாங்க. குடிக்கவே மாட்டான் அவன்."

"யாரு ஓட்டினது?"

"இவருதான். அப்ப ஆபரேட்டரா இருந்தாரு. அடுத்த மாசமே மேலாளர் ஆக்கிட்டாங்க."

 அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அப்பவும் லைன் அறுந்து அறுந்துதான் வந்துச்சா?"

எலக்ட்ரீஷியன் இல்லை என்று தலையாட்டினார்.

"அதுவரைக்கும் ஒரு தடவைகூட அறுந்ததில்ல மேடம். அவனை எடுத்துக்கிட்டுப் போன மறுநாள்லேருந்துதான்."