இரண்டு பேருக்கு ஒரு காடு

நான் வேட்டைக்குப் போகிறவள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் நம்பமாட்டார்கள். நம்பிய பிறகு, "அப்ப இறைச்சி இருக்கோ?" என்று கேட்பார்கள். ஏன் போகிறாய் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருந்தாலும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஜெர்மனியில், எர்லாங்கனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். அந்த அம்மா வேட்டைக்காரி. ஓர் இலையுதிர்காலத்தில், தான் சுட்ட மானை உரிக்கக் கை தரும்படி என்னைக் கேட்டார். போனேன். அடுத்த முறை காட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஏணி வைத்துக் கட்டிய வேட்டைப் பரண்மேல் இருட்டும்வரை வாய் திறக்காமல் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது என் கண்கள் சிவந்திருப்பதைக் கணவர்தான் கண்டார். எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அமைதி இன்னும் கொஞ்சம் வேண்டும்போலிருந்தது, அவ்வளவுதான். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்தேன்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்த குடும்பம். இப்ப நீர் கடைக்குப் போய்த் துவக்கு வாங்கிறீர்," என்றார் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தத் துப்பாக்கி இருக்கும் இரும்புப் பெட்டிப் பக்கம் அவர் இன்றுவரை போவதில்லை.

சொந்தக் காடோ குத்தகைக் காடோ இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அரச காட்டில் ஒரு பகுதியில் வேட்டையாட அனுமதி கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சரிவு. மேலே பைன் மரங்கள், கீழே ஓடை, நடுவில் ஒரு புல்வெளி, அங்கங்கே நான்கு பரண்கள். "இது உனக்கு மட்டும் இல்லை, இன்னொருவரும் இருக்கிறார்," என்று வன அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். அவரும் ஒரு பெண்தான். அவசரமாகப் பேசி, அவசரமாக வண்டியில் ஏறிப் போகிறவர்.

அந்த இன்னொருவர் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு துணிக் கையுறை தொங்கும், ஒன்றுதான். அந்தக் காட்டில் அவர் பல வருடங்கள் வேட்டையாடி வந்தவர். முன்பு அவரோடு பங்கிட்டவர் இறந்துபோன பிறகு கொஞ்சக் காலம் தனியாக இருந்திருக்கிறார். அதன்பிறகு நான் வந்தேன்.

இரண்டு பேர் ஒரு காட்டில் துப்பாக்கியோடு இருந்தால், யார் எங்கே இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் போவதற்கு முன் கைபேசியில் எழுதுவோம். முதல் தடவையே அவர் எழுதினார்: "உங்களுக்கு எந்தப் பரண் விருப்பம்? மிச்சத்தில் ஒன்றை நான் எடுக்கிறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புல்வெளிப் பரண் என்று எழுதினேன். நான்கிலும் அதுதான் நல்லது என்பது எனக்கே தெரிந்திருந்தது. "மிகுந்த மகிழ்ச்சியுடன்," என்று பதில் வந்தது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். நான் முதல் மானைச் சுட்டபோது அவர் தன் பரணைவிட்டு இறங்கி வந்து, இழுத்துக்கொண்டு போக உதவினார். ஊசியிலைக் கிளை ஒன்றை ஒடித்து, மானின் இரத்தத்தில் தொட்டு, தன் தொப்பிமேல் வைத்து இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். சுட்டவருக்கு மற்றவர் அப்படிக் கிளை கொடுப்பது இங்கே வழக்கம். வாங்கியவர் அதைத் தொப்பியில் செருக வேண்டும். என் கம்பளித் தொப்பியில் அது நிற்கவில்லை. அவர் சிரிக்காமல் காத்திருந்தார்.

என்னைக் குழப்பிய விஷயம் ஒன்று இருந்தது. வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியரும் வன அதிகாரியும்கூட முதல் நாளிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இவர் மட்டும் "நீங்கள்". வன அதிகாரியை "நீ" என்பார், திரும்பி என்னைப் பார்த்ததும் "நீங்கள்" என்பார்.

"அவர் பழைய காலத்து மனிதர். அது மரியாதை," என்றார் வைத்தியர்.

"மரியாதை எண்டு ஆர் சொன்னது? உம்மை அவை தங்கட ஆளா எடுக்கேல்லை எண்டுதான் அதுக்கு அர்த்தம்," என்றார் கணவர்.

ஜெர்மன் மொழியில் "நீ" ஒன்று, "நீங்கள்" ஒன்று. எங்கள் வீட்டிலோ நடுவில் ஒரு "நீர்" இருக்கிறது. அந்த மனிதரின் "நீங்கள்" எந்த வகை என்று யோசித்து யோசித்துப் பல மாலைகளில் மான் வருவதைக்கூடத் தவறவிட்டிருக்கிறேன்.

ஒரு வருடம் அவர் எனக்கே நல்ல பரணை விட்டுத் தந்த பிறகு எனக்குக் கூச்சமாகிவிட்டது. "இன்று புல்வெளியில் நீங்கள் இருங்கள்," என்று எழுதினேன். வேண்டாம் என்றார். மறுபடி எழுதினேன். உண்மையிலேயே வேண்டாம் என்றார். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னவருக்கும் மூன்றாம் தரம் கேட்டு ஊற்றிக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் மூன்றாம் தரமும் எழுதினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "நல்லது," என்று மட்டும் வந்தது.

அது மே மாதம். ஆண்மான் சுடலாம். நான் பைன் மரங்களுக்கிடையில் உள்ள பரணில் இருந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம் கீழிருந்து ஓர் ஆண்மான் மெதுவாக ஏறி வந்தது. இந்த மான்கள் ஆட்டைவிடப் பெரிதில்லை. கிளைத்த நல்ல கொம்பு. சுட்டேன். அது முதுகை வளைத்துக்கொண்டு திரும்பி, புல்வெளிப் பக்கம் ஓடியது. அடி கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது என்று உடனே விளங்கியது. அப்படியான நேரத்தில் பதறி இறங்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். பரணிலேயே இருந்தேன். அப்போது கீழே இன்னொரு வெடி கேட்டது.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "இறங்கி வரலாம். துப்பாக்கியைக் காலியாக்கிவிட்டேன். மான் இங்கே கிடக்கிறது," என்றார்.

போனேன். புல்லில் மான் கிடந்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு குண்டும் பட்ட இடங்கள் தெரிந்தன. என்னுடையது ஈரல் பக்கம். அவருடையது தோளுக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில்.

"உங்கள் மான். முதல் குண்டு உங்களுடையது. அதுவே போதுமாக இருந்தது," என்றார் அவர்.

"இல்லை, நீங்கள்தான் விழுத்தினீர்கள். நீங்கள் சுடாவிட்டால் அது பாவம் எவ்வளவு நேரம் கிடந்திருக்கும்? இது உங்களுடையதுதான்."

"வழக்கப்படி முதல் குண்டு."

"வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு மனம் கேட்காது. நீங்கள் எடுங்கள்."

அவர் ஒரு கிளையை ஒடித்து நீட்டினார். நான் வாங்காமல், பக்கத்திலிருந்து இன்னொரு கிளையை ஒடித்து அவருக்கு நீட்டினேன். செத்த மானை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கிளையோடு இரண்டு பேரும் நின்றோம். எனக்கு அது பண்பான விஷயமாகத்தான் பட்டது. இன்னும் ஒரு தரம் வற்புறுத்தினால் வாங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"குறைந்தது கொம்பையாவது எடுங்கள்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "எடு! நீயே எடு! போதும்!" என்று கத்தினார். கிளையைப் புல்லில் எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முதல் முறையாக என்னை "நீ" என்றார். சண்டையில் வந்த "நீ" கணக்கில் வருமா, வராதா? மானின் குடலை எடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நான் யோசித்தது அதைத்தான், வேறொன்றையும் இல்லை.

இரவு கணவரிடம் சொன்னேன்.

"நான் என்ன பிழை விட்டனான்? குடுக்கத்தானே பாத்தனான்."

"அதுதான் பிழை. அந்தாள் உமக்குக் குடுத்ததை நீர் திருப்பிக் குடுத்தால் அந்தாளுக்கு அவமானம்தானே?"

"அப்ப அவர் எனக்கு விட்டுத் தந்தது எனக்கு அவமானம் இல்லையோ?"

"எனக்கு ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் சரியான ஆக்கள்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் கைபேசியில் ஒரே ஒரு சொல் வந்தது: "புல்வெளி." எந்தப் பரண் விருப்பம் என்ற கேள்வி இல்லை, தானே அங்கே இருக்கப்போகிறார் என்பதுதான். அதற்கடுத்த நாளும் அதேதான். சனிக்கிழமை நான் முந்திக்கொண்டு காலையிலேயே "புல்வெளி" என்று எழுதினேன். அவர் பார்த்தார் என்பதற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. மாலை போனால் அந்தப் பரணின் ஏணியடியில் அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது. மேலே அவர் இருந்தார். என்னைக் கண்டார், நானும் கண்டேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையை மெதுவாகத் தாழ்த்தினார். நான் என்ன செய்ய? நானும் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வண்டியில் ஏறி இருந்த பிறகுதான் கோபம் வந்தது. ஒருவர் என் இடத்தைப் பிடித்துக்கொண்டு தொப்பியும் தூக்கினால் அதை நான் சண்டை என்று எடுப்பதா, சமாதானம் என்று எடுப்பதா?

அடுத்த வாரம் வன அதிகாரியிடம் போனேன். முழுவதையும் கேட்டார். கேட்டபடியே யாருக்கோ செய்தியும் அனுப்பினார்.

"மான் செத்ததா?"

"ஆமாம், செத்தது."

"அப்படியானால் எனக்கு எல்லாம் சரி. மான் கூடினால் கன்று மரங்களைத் தின்றுவிடும். யார் சுட்டது என்று மரம் கேட்பதில்லை." பிறகு கைபேசியைக் கீழே வைத்தார். "ஆனால் ஒரு விஷயம். அவர் நேற்று வந்திருந்தார். தான் ஓடைக்கு அந்தப் பக்கப் பகுதிக்கு மாறுவதாகச் சொன்னார். இந்தப் பகுதி முழுவதையும் உனக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டார்."

"என்னிடம் கோபமா?"

"கேட்கவில்லை. நீ நல்ல வேட்டைக்காரி என்று சொன்னார்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபித்துப் போகிறவர் நல்லது சொல்லக் கூடாது. அல்லது நல்லது சொல்கிறவர் போகக் கூடாது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்கே வண்டியை எடுத்தேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த மானின் பின்தொடையை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில், இதையும் திருப்பிக் கொடுப்பது என்று எடுத்துவிடுவாரோ என்று பயம் பிடித்தது.

அவர் தோட்டத்தில் தக்காளிக் கன்றுகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு அதிசயப்படவில்லை. உட்காரும்படி ஒரு கதிரையைக் காட்டினார்.

"உங்களுக்கு என்மேல் கோபமா?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"இல்லை." கம்பைக் கட்டி முடித்தார். "களைப்பு."

"என்ன களைப்பு?"

"முன்பு என்னோடு இருந்தவர் ஒரு முரடர். எனக்கு எது வேண்டும் என்று கேட்டதே இல்லை. நான் திட்டுவேன், அவரும் திட்டுவார், பிறகு பியர் குடிப்போம். நீங்கள் வந்தபோது, ஒரு பெண், புதியவர், வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம், சரியாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். மரியாதையாக இருந்தேன். நீங்கள் என்னைவிட மரியாதையாக இருந்தீர்கள். அதனால் நான் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாலையும் புறப்படுவதற்கு முன்பே நான் களைத்துப்போனேன். காட்டுக்கு நான் போவதே அதற்காக இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்படியென்றால் இனி மரியாதை வேண்டாம். சண்டை பிடிப்போம். நீங்கள் போக வேண்டாம்," என்றேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "பாருங்கள், இப்போதும் நீங்கள் விட்டுத்தான் தருகிறீர்கள்."

எழுந்து போய் வண்டியின் பின்கதவைத் திறந்து இறைச்சியை எடுத்து வந்தேன். பின்தொடையைக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி, எப்படிச் சமைப்பேன் என்று கேட்டார். மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் போட்டு அடுப்பில் வெகுநேரம் வைப்பேன் என்றேன். தான் உப்பும் வெண்ணெயும்தான் என்றார். அந்தப் பேச்சு மட்டும் தடங்கலில்லாமல் போனது.

விடைபெற்று வண்டியை எடுத்தபோது வாசல் படலையடியில் நின்று கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் இறக்கவில்லை, இரண்டு கையையும் ஆட்டத் தொடங்கினார். இவ்வளவு அன்பா என்று நினைத்து நானும் கண்ணாடியைத் திறந்து வெளியே கையை நீட்டி ஆட்டினேன். அவர் ஓடி வரத் தொடங்கியதும்தான் வண்டியை நிறுத்தினேன். பின்கதவு திறந்தபடி கிடந்தது, ஐஸ் பெட்டி தெருவில் விழப் பார்த்தது. வந்து சாத்திவிட்டு, வண்டிக் கூரையில் கையால் தட்டி, திரும்பி நடந்தார்.

அவர் ஓடைக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டார். சில மாலைகளில் அவருடைய வெடிச் சத்தம் கேட்கும். வாழ்த்து அனுப்புவேன், நன்றி என்று வரும். ஒரு வாழ்த்துக்கு ஒரு நன்றி, அதோடு சரி. நான் ஒரு வருடம் தனியாக இருந்தேன். நான் ஆசைப்பட்ட அமைதி அதுதான், ஆனால் யாரோ கோபித்துப் போன வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

இந்த வசந்தத்தில் வன அதிகாரி அழைத்தார். பாம்பெர்க் பக்கத்திலிருந்து ஓர் இளம் பெண் புதிதாக என்னோடு சேரப்போகிறாளாம். "உங்களுக்குள் என்ன ஒழுங்கு வைத்துக்கொள்ளப் போகிறாய்? முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கணவரைக் கேட்டதற்கு, "முதல் நாளே அந்தப் பிள்ளையோட நல்லா ஒரு சண்டை பிடியும்," என்கிறார். பகிடிக்குச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.