மூலையில் சொருகிய மரச்சட்டம்

எனக்குப் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வீரக்கதை எதிர்பார்க்கக் கூடாது. நோர்வூட் வளைவில் பஸ் கொஞ்சம் சாய்ந்தாலே முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் குரல் கணீரென்று வரும். கடை விளம்பரம், திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல் என்று சுற்றுவட்டாரத்தில் ஒலிபெருக்கி கட்டி ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்கு மேல் என் குரல்தான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது. முன் காம்பிராவில், அதாவது முன் அறையில், நானும் மனைவியும் கைப்பிள்ளையும் புழங்கினோம். பின் காம்பிராவை ஸ்டூடியோ ஆக்கினேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், அவ்வளவுதான். லயத்துச் சுவர்கள் கூரை வரை போகாது. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். அந்த இடைவெளியைப் பலகை அடித்து அடைத்தேன். அப்படியும் பதிவைக் கேட்டால் என் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உறுமியது.

ஹட்டனில் ஸ்பீக்கர் விற்கிறவரிடம் போய்ப் புலம்பினேன்.

"சின்ன ரூமுன்னா அப்படித்தாங்க. அடிச் சத்தம் பூரா மூலையில போயிக் குவிஞ்சுக்கும். நாலு மூலைக்கும் பாஸ் ட்ராப் அடிச்சு வைங்க, அடங்கிரும்" என்றார்.

பாஸ் ட்ராப் என்பது ஒன்றும் மாயமில்லை. ஆளுயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் என்கிற அடர்த்தியான கல்பஞ்சுப் பலகைகளை அடுக்கி, மேலே துணி போர்த்தி, மூலைக்குக் குறுக்கே நிறுத்த வேண்டும். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலை உடைத்துக் கட்டியபோது கழற்றிப் போட்ட ராக்வூல் கிடைத்தது. அதை வெட்டிய அன்று கை முழுக்க அரிப்பு. மூக்கில் துணி கட்டியும் இருமல் விடவில்லை. போர்த்துவதற்கு மனைவியின் பழைய நூல் சேலைகளை எடுத்தேன்.

"மலைக்குப் போறப்ப இடுப்புல படங்கு. இனி வீட்டுக்கு வந்தா சாக்கக் கட்டிக்கணுமாக்கும்" என்றாள். கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் சுற்றிய முரட்டுப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் நின்ற களைப்பிலும் அவளுக்கு வாய் மட்டும் ஓயாது.

மூன்று மூலைகளுக்குச் சண்டையில்லை. நான்காவது, பின்சுவரின் ஒரு மூலை. அங்கேதான் விரிசல் இருந்தது.

எங்கள் லயத்தின் பின்னால் மலையை வெட்டிய மண்திட்டு சுவரை ஒட்டியே நிற்கிறது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது சுவரில் விரிசல் உள்ள இடத்தில் பழைய கலண்டர் தாளைக் கீலமாகக் கிழித்துச் சோற்றுப் பசையால் குறுக்கே ஒட்டுவோம். தாள் கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். உறவுக்காரர்கள் வந்தால்கூடத் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எங்கள் வீட்டுத் தாள் போன மழைக்காலம் முழுக்கக் கிழியாமல் இருந்தது.

"அந்த மூலைய மட்டும் விட்டுருங்க. தாளு கண்ணுக்குத் தெரியணும்" என்றாள்.

"அந்த மூலையிலதான் சத்தம் கூட. அத விட்டா மத்த மூணும் சும்மா."

"அப்ப ஆணி அடிக்காதீங்க. நெனச்சா ஒடனே கழட்டுற மாதிரி செய்ங்க."

அது நியாயமாகப் பட்டது. இரண்டு பக்கச் சுவரிலும் கட்டை அறைந்து, சட்டத்தை அவற்றுக்கு நடுவில் சொருகினால் நிற்கும்படி செய்தேன். இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடம் விட்டேன். ஒரே மரம், ஒரே அளவு, நான்கு மூலைக்கும் அதே மாதிரி நான்கு சட்டம். ஒரு கையால் இழுத்தால் கையோடு வரும். அவளே இழுத்துப் பார்த்துத் தாளையும் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றாள்.

உறுமல் போய்விட்டது. என் குரலை நானே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

பிறகு மழை பிடித்தது. சில நாள் அவள் சட்டத்தை எடுத்துத் தாளைப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் அது விட்டுப்போயிற்று. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், ஒரு துணிக்கடை விளம்பரத்தைப் பேசிவிட்டு ஹெட்போனில் கேட்டேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அடியில் ஏதோ ஒன்று உறுமியது. பின் மூலைப் பஞ்சு ஈரத்தில் நனைந்து கெட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. செய்த வேலை பாழாகிப்போச்சே என்று எரிச்சலோடு எழுந்து அந்தச் சட்டத்தை இழுத்தேன்.

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். சட்டம் முனகியதே தவிர அசையவில்லை.

"மரம் ஊதிப்போச்சு போல. மழைதானே" என்றேன், சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற மனைவியிடம்.

அவள் நேரே அடுத்த மூலைக்குப் போய் அங்கிருந்த சட்டத்தை ஒரு கையால் இழுத்தாள். கையோடு வந்தது. எதிர் மூலைக்குப் போனாள். அதுவும் வந்தது. அதைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அதே மரந்தானே இது?"

விரல் நுழைய இடம் விட்டது என் கை. அந்த இடத்தை இப்போது சுவர் எடுத்துக்கொண்டிருந்தது. பின்சுவர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் நான் கேட்ட உறுமல் பஞ்சிலிருந்து வரவில்லை, பின்னால் மண் நகர்வதிலிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சட்டத்தைப் பிடித்தபடியே நின்றேன். அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"நிக்கிறீங்களே! மத்தவங்களுக்குச் சொல்லுங்க!"

சாதாரணமாக எங்கள் வீட்டில் ஒரு கூச்சல் போட்டால் கூரை வழியாக லயம் முழுக்கக் கேட்கும். நான்தான் பலகை அடித்திருந்தேனே. திருவிழாவுக்குக் கொண்டுபோகும் பெட்டரி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடினேன். மைக்கை வாயருகே வைத்ததும் பழக்கதோஷத்தில் வந்தது என்ன தெரியுமா? "அன்பார்ந்த பொதுமக்களே." அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இடுப்பில் பிள்ளையோடு வந்த மனைவி மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! பின்னாடி மண்ணு வருது! புள்ளைங்களத் தூக்குங்க, சாமான விடுங்க!"

பக்கத்து வீட்டு அண்ணன் கையில் சோற்றுக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "தாளு கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"தாளப் பாக்க முடியலண்ணே. சட்டம் வர மாட்டேங்குது. சொவரு புடிச்சிருக்கு" என்றேன்.

அவர் கோப்பையை அப்படியே வாசல் திண்டில் வைத்துவிட்டுத் தன் அம்மாவைத் தூக்க உள்ளே ஓடினார். எல்லோரும் கோயில் மேட்டுக்குப் போய் நனைந்துகொண்டு நின்றோம். ஆட்களை எண்ணினோம். யாரோ ஒருவர், "சும்மா கெளப்பி விட்டுட்டீங்களோ" என்று முணுமுணுத்தார். அந்தச் சமயத்தில் அது சும்மாவாகவே இருக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். ஊரே சிரித்தாலும் பரவாயில்லை, சுவர் நின்றால் போதும் என்று இருந்தது. இருட்டுவதற்கு முன்னால் திட்டு சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. எங்கள் வீடும் பக்கத்து வீடும் இருந்த இடத்தில் சிவந்த மண் நின்றது. மற்ற வீடுகளின் பின்சுவர்கள் போயின. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. மனைவி பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். அழுதது நான்தான்.

கம்ப்யூட்டர் போயிற்று. வாசல் பக்கத்து மூலையில் இருந்த ஒரு சட்டம் மட்டும் மண்ணுக்கு வெளியே முழுதாகக் கிடந்தது, சேலையோடு. அண்ணன்தான் தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அதே தோட்டத்தில் வேறொரு லயத்தில் காலியாக இருந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு இடம் இல்லையாம். இங்கேயும் பின்னால் மண்திட்டுத்தான். குடிபோன அன்று அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் மனைவி சொன்னாள்.

"அந்தச் சட்டத்தப் பின் மூலையில வைங்க. முன்ன மாதிரியே, வெரல் நொழையிற மாதிரி."

வைத்தேன். நான் இன்னும் மைக் வாங்கவில்லை. இந்த வீட்டில் பதிவு செய்கிற சாமான் எதுவும் இல்லை. மழை பிடித்தால் வேலைவிட்டு வந்ததும் அவள் கை கழுவுவதற்கு முன்னால் அந்தச் சட்டத்தை ஆட்டிப் பார்க்கிறாள். ஆடினால் சமைக்கிறோம்.

நேற்றும் மழை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை ஆட்டினாள். ஆடியது.

"முந்தாநாள் ஆடுன மாதிரியே ஆடுதாங்க?" என்று கேட்டாள்.

நான் ஆட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் மறுபடி ஆட்டினாள். நான் மறுபடி ஆட்டினேன். இருவரும் மாறி மாறி ஆட்டிக்கொண்டே நின்றதில் சோறு அடிப்பிடித்துவிட்டது.