தேவகி மாட்டிவிட்ட சாக்ஸ்

பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் ஏகாம்பரத்துக்குப் பகல் முழுவதும் நிற்கிற வேலை. அந்தக் கடையில் யாருக்குக் கால் வலித்தாலும் அது நரம்புச் சுருட்டல்தான். மருந்தும் ஒன்றுதான், முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ். அவருக்கும் அதையே சொன்னார்கள். மனைவி தேவகி தினமும் தரையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ரத்தக்குழாய் டாக்டர் பாதத்தின்மேல் விரல் வைத்து நாடியைத் தேடினார். கிடைக்கவில்லை.

“சுருட்டல் இல்லைங்க. பீடி குடிச்சுக் குடிச்சு, காலுக்கு ரத்தம் போற குழாயே அடைச்சிருக்கு. அதுமேல சாக்ஸை வேற இறுக்கி, வந்த கொஞ்ச ரத்தத்தையும் தடுத்துட்டீங்க. இன்னொரு கால்லேருந்து குழாய் எடுத்து மாத்துவழி போடறேன். அதுலயும் ரத்தம் ஓடலைன்னா காலை எடுக்கணும்.”

வெளியே காத்திருந்த தேவகி ஓடிவந்தாள். “இன்னா சொன்னாரு?”

“பீடிதானாம். ஆபரேஷன் பண்ணணுமாம்.”

“தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியாய்யா? நான் மட்டும் சாக்ஸ் மாட்டி உடலன்னா இந்நேரம் காலே போயிருக்கும்!” கண்ணீருக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு பெருமை. “ஆபரேஷன் முடியட்டும். ரெண்டு காலுக்கும் நானே மாட்டி உடறேன்.”

சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் கால் போய்விடும். ஏகாம்பரம் மெல்லச் சொன்னார்.

“இனிமே இறுக்கமா எதுவும் போடக் கூடாதாம்மா.”

“இனிமேலா?” அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்த தேவகியின் கை அப்படியே நின்றது. “அப்போ இத்தினி நாளா நான் போட்டது?”