பாட்டு மாடியை மூடச் சொன்னவள்

செஞ்சியில் பாட்டு மாடி மூடப்பட்டதற்குக் காரணம் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றைக்கும் கடைவீதியில் சில பேர் என்னைப் பார்த்தால், "மாடிய மூடச் சொன்ன பொண்ணு இல்ல நீ?" என்று கேட்கிறார்கள். கல்யாணமாகி வெளியூர் போய், இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கினாலும் விடுவதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். வேறென்ன செய்ய?

பாட்டு மாடி என்பது மல்லாட்டை மண்டிக்கு மேலே காலியாகக் கிடந்த ஒரு நீளக் கூடம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மண்டிக்காரரிடம் பேசி அந்தக் கூடத்தைச் சும்மாவே கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அங்கே மைக் வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் பாடலாம். அஞ்சு வயதுக் குழந்தையும் பாடலாம், எண்பது வயதுப் பெரியவரும் பாடலாம். கட்டணம் கிடையாது, போட்டி கிடையாது, பரிசு கிடையாது. செல்போனில் கரோக்கியைப் போட்டு ஆம்ப்ளிஃபையரில் கோர்த்துவிட்டால் கச்சேரி தயார். மாமா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கடைசி ஆள் பாடி முடிக்கிறவரை யாரும் எழுந்து போகக்கூடாது.

நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எங்கள் ஊர்க் கோட்டைமலை ராஜகிரியில் ஏறினவர்கள்கூட வெயில் தாழ்ந்ததும் இறங்கி வந்துவிடுவார்கள். மைக்கைப் பிடித்தவர்கள் விடமாட்டார்கள்.

வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது நாங்கள்தான். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாரத்தில் ஒரே நாள் ஓய்வு. அந்த ஒரு நாளும் ஸ்பீக்கர் பெட்டிகளை மாடிக்கு ஏற்றி இறக்குவதில் போனது. பாடுகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது பக்கத்துக் கடை டெய்லர் அண்ணன். ரிட்டயர் ஆன சர்வேயர் ஒருவர், அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன், முட்டிவலியோடு வல்லத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அம்மா ஒரு அண்டா மல்லாட்டை வேகவைத்து, வந்தவர்கள் எல்லோருக்கும் டீ போடுவாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கினவள் என் அம்மா. அவள் மாடியில் பாடி நான் கேட்டது இரண்டு முறையோ மூன்று முறையோதான். அதுவும் பல்லவி முடிவதற்குள், "யக்கா, டீ பொங்குது" என்று பின்னாலிருந்து யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு இரண்டு வேலை. பாய் விரிப்பது ஒன்று. அதைச் செய்துவிடலாம். இரண்டாவது, இறைவணக்கம் பாடுவது. சின்னப் பிள்ளை பாடித்தான் தொடங்க வேண்டும் என்று மாமாவுக்கு ஒரு ஆசை. ஐயோ, என் குரலைப் பற்றி என்ன சொல்ல? நான் பாட ஆரம்பித்தால் மண்டி வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போகும். முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அது முடிந்துவிட்டதே என்று தட்டுகிற கை என்பது பத்து வயதுக்குத் தெரியாதா? எங்கள் தெருப் பெண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் சைக்கிள் பழகினார்கள். நான் ஒருத்திதான் பழகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனாலே, நாளைக்கு மழை வராதா என்று வானத்தைப் பார்ப்பேன்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைக் வைப்பதற்கு முன்னால் மண்டிக்காரர் மாடிக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, மாப்பிள்ளை இங்கேயே தங்க வந்துவிடப் போகிறார், மாடியை வீடாக்கித் தந்தால் தேவலை என்றார். சொல்லும்போதே கைகளைப் பிசைந்தார். "நீங்க நடத்துறதுன்னா நடத்துங்க. நல்ல காரியம். நான் வேற எடம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மாமா எல்லோரையும் பாயில் உட்காரவைத்தார். "யாருக்காச்சும் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க" என்றார்.

"எனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் நைனா, தோளைத் தேய்த்துக்கொண்டே.

"நான் சும்மாதானே குந்தினு இருக்கிறேன்" என்றார் சர்வேயர் தாத்தா, காலை நீட்டிக்கொண்டு. டெய்லர் அண்ணன், மற்றவர்கள் எப்படியோ அப்படியே என்றார். அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "அண்டா இருக்குது, அடுப்பு இருக்குது. எனக்கு இன்னாடா?" என்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மாமாவும் எழுந்துவிட்டார். போகிற போக்கில் விளையாட்டாக என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ இன்னா சொல்ற?" என்றார்.

"மூடிடலாம் மாமா."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நைனா அடிப்பார் என்று நினைத்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கினேன். சர்வேயர் தாத்தாதான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "கொழந்த வாயால சொல்லிடுச்சு" என்றார். "அதுக்கும் படிப்பு இருக்குது இல்ல" என்றார் டெய்லர் அண்ணன். நைனா, "பொண்ணு மனசையும் பார்க்கணும்" என்றார். அதுவரை என் மனதை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் கடைசிப் பாட்டு என்று முடிவானது.

அன்றைக்குக் கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. கடைசியாக ஒரு இறைவணக்கம் பாடினேன். அன்றும் நாய் எழுந்து போனது. ஆனால் எனக்கு அப்படியொரு சந்தோஷம், தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி. அது கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. டெய்லர் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம், "பாப்பாதான் மூடச் சொல்லிடுச்சு, நாங்க இன்னா பண்றது?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் எடைபோடும் ஒரு அக்கா வாரம் தவறாமல் வந்து பாடுவார். அவர் பாடி முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "இனிமே நான் எங்க பாடறது பாப்பா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் டீ டம்ளர்களைப் பொறுக்கப் போய்விட்டேன்.

மறுநாளே சர்வேயர் தாத்தா எனக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். டெய்லர் அண்ணன் கேட்காமலே பாவாடை தைத்துத் தந்தார். நைனா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். ஊரெல்லாம் என்மேல் பழியைப் போட்டுவிட்டு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் சைக்கிளோடு இரண்டு முறை விழுந்து, தண்ணீர் குடிக்க மூன்று மணிவாக்கில் வீட்டுக்கு வந்தேன். நைனா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அம்மா கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தாள்.

அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததேயில்லை. காய்ச்சலென்றால்கூட உட்கார்ந்து அரிசி பொறுக்குகிறவள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "அம்மா" என்றேன். அசையவில்லை. மாடி போன துக்கத்தில் அம்மா விழுந்துவிட்டாள், நான்தான் இப்படிச் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு தெரு தள்ளி மாமா வீடு. ஓடினேன். அங்கே மாமாவும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்! உலுக்கி எழுப்பினேன். "மாமா, நான் சொன்னது தப்பு. மாடிய தெறந்துடுங்க. அம்மா படுத்துட்டாங்க, எழுந்திருக்க மாட்றாங்க" என்று கதறினேன். மாமா சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் என்னோடு ஓடிவந்தார்.

"யக்கா! இன்னா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "தூங்கினு இருந்தேன்டா. ஏன், தூங்கக்கூடாதா?"

"மாடி போயிடுச்சேன்னு மனசு விட்டுட்டியோன்னு..."

"நானா? நீதான் ஒடிஞ்சி பூடுவியோன்னு நான் மூணு வருஷமா அண்டாவ தூக்கினேன். உனக்குத்தானே அது உசிரு?"

"எனக்கா? கல்யாணம் ஆனதும் நீ பாட்டையே விட்டுட்டியேன்னுதானே ஆரம்பிச்சேன்! நீ ஆசையா வர்றன்னு நிறுத்தாம ஓட்டினேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னும் சத்தமாக அழுதேன்.

"இத நீ மொத வருஷமே சொல்லியிருக்கக்கூடாதா பாப்பா?" என்று என் தலையில் தட்டிவிட்டு மாமா தன் தூக்கத்தைத் தொடரப் போனார்.

"வா, நீயும் படு" என்று அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். உடனே தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை. வியாதி இல்லாமல் அம்மாக்கள் பகலில் படுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தம்பியிடம் மறைத்துவிட்டாள், உள்ளுக்குள் ஏதோ நோய் இருக்கிறது என்றே நம்பினேன். அம்மாவின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று, விளக்கு வைக்கிற நேரம்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.