பிசிறக்காவின் பீர்க்கங்கொடி

தையற்கூடத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிசிறக்கா என்றால்தான் தெரியும். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் பிசிறு நூலை நறுக்கிச் சுத்தமாக்கி அனுப்புவது அவள் வேலை. அவள் கை பட்டுப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கழுத்து நாடாவில் தொங்கும் சின்னக் கத்தரி வீட்டுக்கும் கூடவே வரும். ஒருமுறை மேற்பார்வையாளர் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கிவிட்டாள். எதற்குத் திட்ட வந்தோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று.

வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கோடை முடியும்வரை படுக்கைதான் என்றார் மருத்துவர். கட்டில் போட இருந்த ஒரே இடம் மேற்கு ஜன்னலோரம். மதியம் தாண்டினால் வெயில் நேரே முகத்தில் விழும்.

“திரை தைச்சுப் போட்டுடறேங்க.”

“வேண்டாம். தெருவுல போற வண்டியப் பாக்குறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதையும் மூடிடாத.”

வெயிலை மறைக்க வேண்டும், தெருவை மறைக்கக் கூடாது. கொடி வளர்ப்பது என்று முடிவு செய்தாள். அதற்குமுன் அவள் ஒரு விதைகூட ஊன்றியதில்லை.

காலி பெயின்ட் வாளியை வாசனை போகத் தேய்த்துக் கழுவினாள். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் துளை போட்டாள். மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, ஊறவைத்த பீர்க்கம் விதைகளை ஊன்றி, ஜன்னலை ஒட்டிய குறுகலான பால்கனியில் வைத்தாள். மிஞ்சிய நூலை முறுக்கி வாளியிலிருந்து ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டினாள். முளை தலை தூக்கிய அன்று அதைப் பார்த்துக்கொண்டே நின்று பேருந்தைக் கோட்டைவிட்டாள்.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றி, கொடியை நூலில் ஏற்றிச் சீராக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். இலையெல்லாம் உள்ளங்கை அகலம். ஆனால் மாலையில் வந்து பார்த்தால் காற்றில் சரிந்து வாளியடியில் குவிந்து கிடக்கும்.

“அதுவும் என்னை மாதிரியே படுத்துடுச்சு” என்பார் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வெயிலில் அவர் கன்னம் கன்றிப்போயிருப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வராது. எருவைக் கூட்டினாள், தண்ணீரைக் குறைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

ஒரு விடுமுறை நாளில் சரிந்த கொடியைத் தூக்கியபோது ஒரு கிளை மட்டும் வர மறுத்தது. எட்டிப் பார்த்தாள். கை புகாத ஜன்னல் கதவுக்குப் பின்னால், மெல்லிய பச்சை இழை ஒன்று கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பிடித்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். விடவில்லை.

அவள் கை தானாகக் கழுத்துக் கத்தரிக்குப் போய், அப்படியே நின்றது.

“ஏங்க, இந்த இழையெல்லாம் கொடியோட கைங்க. தினம் காலையில நான்தான் பிசிறுன்னு நெனச்சு ஒண்ணுவிடாம நறுக்கியிருக்கேன்.”

“நானும் பாத்துட்டுதான் படுத்திருந்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“பிசிறு விஷயத்துல உனக்கே நான் சொல்றதா?”

நாடாவைக் கழற்றிக் கத்தரியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அன்றுமுதல் வேலைக்குக் கிளம்பும்போதுதான் கத்தரி அவள் கைக்கு வரும்; திரும்பியதும் தலையணைக்கடிக்கே போய்விடும்.

கோடை இன்னும் பாதி மிச்சமிருந்தது. புதிதாக விட்ட இழைகள் நூலைப் பிடித்தன, கம்பியைப் பிடித்தன, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கொடி ஜன்னலை நிறைத்தது. இலை இடுக்கில் தெரு தெரிந்தது. அவர் முகத்தில் நிழல் ஆடியது.

ஒரு மாலை, மஞ்சள் பூ விரிந்ததைக் காட்ட வந்தவள் அவர் சட்டைக் கையைப் பார்த்துவிட்டாள்.

“கத்தரியக் குடுங்க. நூல் தொங்குது.”

“தர மாட்டேன். இருக்கட்டும், அது எதையாவது பிடிச்சுக்கும்.”

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். நூலை விரலில் சுற்றினாள், அறுக்கவில்லை.